ஜித்தாவின் அல்-பலத்: ஹாஜிகள் கரையிறங்கிய பழைய நகரம்

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்லும் நம் குடும்பங்களில் பலர் ஜித்தாவை விமான நிலையமாக மட்டுமே அறிவார்கள். விமானம் இறங்கும், பேருந்து காத்திருக்கும், சில மணி நேரத்தில் மக்கா வந்துவிடும். திரும்பும்போதும் அதே கதைதான். வேலைக்காக ஜித்தாவில் பல ஆண்டுகள் இருந்தவர்கள்கூட, கடைவீதியில் சாமான் வாங்கப் போன இடம் என்றே அதன் பழைய நகரத்தை நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆனால் நம் பாட்டனார் காலத்தில் ஹஜ் செய்தவர்களுக்கு ஹிஜாஸ் மண்ணில் முதல் காலடி விழுந்த இடம் அந்தப் பழைய நகரம்தான். அதன் பெயர் அல்-பலத். அரபியில் 'ஊர்' என்று பொருள். பாலைவனத்துக்கும் செங்கடலுக்கும் நடுவே 35 லட்சத்துக்கும் அதிகமான மக்களோடு, அகன்ற சாலைகளும் உயர்ந்த கட்டடங்களுமாக இன்று பரந்து கிடக்கும் ஜித்தா, 1947 வரை ஒரு மதிலுக்குள் அடங்கிய ஊராகவே இருந்தது. மதில் போய்விட்டது. அதனுள்ளே இருந்த வீடுகளும் சந்தைகளும் மஸ்ஜித்களும் இன்னும் நிற்கின்றன. 2014 ஜூனில் யுனெஸ்கோ இப்பகுதியை 'வரலாற்று ஜித்தா, மக்காவின் வாயில்' என்ற பெயரில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோட்டக்குப்பம், குயிலாப்பாளையம் தொடங்கி திண்டிவனம், விழுப்புரம் வரை இந்தப் பகுதியிலிருந்து உம்ராவுக்குப் புறப்படுபவர்களும், ஜித்தாவில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் அங்கே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது பயனுள்ளது. என்ன பார்க்கலாம், எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மக்காவின் துறைமுகம்

ஜித்தா மீனவர் வாழ்ந்த சிற்றூராகத் தொடங்கியது. ஹிஜ்ரி 26-ல், அதாவது கி.பி. 647-ல், மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மக்காவுக்கான துறைமுகமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன்பு தெற்கே இருந்த ஷுஐபா என்ற துறைதான் பயன்பாட்டில் இருந்தது. அந்த ஒரு முடிவுதான் ஜித்தாவின் விதியை எழுதியது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஊரின் பிழைப்பு இரண்டு: வணிகம், ஹாஜிகளுக்குச் செய்யும் பணிவிடை.

கி.பி. 1183-ல் இங்கே வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், ஊரின் பெரும்பாலான வீடுகள் நாணல் குடிசைகள் என்றும், கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய சத்திரங்கள் இருந்தன என்றும் குறித்து வைத்தார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் மலபார்க் கடற்கரையை அலைக்கழித்த அதே போர்த்துகீசியர் செங்கடலுக்குள்ளும் நுழைந்தார்கள். அவர்களைத் தடுக்க மம்லூக் தளபதி ஹுசைன் அல்-குர்தி ஜித்தாவைச் சுற்றி மதில் எழுப்பினார். 1517-ல் போர்த்துகீசியக் கப்பல்கள் ஜித்தாவின் முன் வந்து நின்றும் ஊரைப் பிடிக்க முடியாமல் திரும்பின.

ஊரின் பெரும் மாற்றம் 1869-ல் வந்தது. சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் செங்கடலில் பெருகின. ஹாஜிகளின் எண்ணிக்கை கூடியது, வணிகர் கையில் பணம் புரண்டது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஐந்து, ஆறு மாடி வீடுகளில் பல அதற்குப் பின் வந்த சில பத்தாண்டுகளில் எழுந்தவை.

பம்பாயிலிருந்து கப்பலில்

இந்திய ஹாஜிகளின் கதையும் இந்தத் தெருக்களோடு பின்னிக் கிடக்கிறது. தமிழகத்திலிருந்து புறப்பட்டவர்கள் ரயிலேறி பம்பாய் போவார்கள். முசாஃபிர்கானாவில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருப்பார்கள். 1877-ல் தொடங்கிய மொகல் லைன் நிறுவனத்தின் கப்பல்கள் தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளை ஏற்றிச் சென்றன. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வரும் கப்பல்கள் செங்கடலின் நுழைவாயிலைத் தாண்டியதும் யமன் கரையோரத்தில் கமரான் என்ற தீவில் நிற்க வேண்டும். காலரா போன்ற தொற்றுநோய்களுக்கு அஞ்சி 1882-ல் அங்கே தடுப்புக்காவல் நிலையம் அமைத்திருந்தார்கள். பயணிகளை இறக்கிச் சோதித்து, துணிமணிகளை வேகவைத்துத் தூய்மை செய்து, சில நாட்கள் நிறுத்தி வைத்த பிறகே மேலே செல்ல விடுவார்கள்.

ஜித்தா வந்த பின்னும் கப்பல் நேரே கரையில் அணையாது. கடலடியில் பவளப் பாறைகள். பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிடும். சம்பூக் எனும் பாய்மரப் படகுகள் வந்து ஹாஜிகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக் கரை சேர்க்கும். கரையில் வக்கீல் காத்திருப்பார். இவர் நீதிமன்ற வக்கீல் அல்லர். மக்காவில் ஹாஜிகளை வழிநடத்தும் முதவ்விஃபின் ஜித்தா பிரதிநிதிக்கு அந்தப் பெயர். எந்த நாட்டு ஹாஜிக்கு எந்த முதவ்விஃப் என்பது வழிவழியாக வந்த ஏற்பாடு. இறங்கியவரின் பத்திரங்களைச் சரிபார்ப்பது, தங்க இடம் தருவது, மக்காவுக்கு ஒட்டகம் பேசிவிடுவது எல்லாம் வக்கீலின் பொறுப்பு.

தங்கும் இடம் என்றால் விடுதி அல்ல, வீடுதான். ஹஜ் காலத்தில் ஜித்தா குடும்பங்கள் தங்கள் வீட்டின் ஒரு பகுதியை ஹாஜிகளுக்கு ஒழித்துக் கொடுக்கும். கீழ்த்தளம் வணிகத்துக்கும் விருந்தினருக்கும், மேல்தளங்கள் குடும்பத்துக்கு என்று வீடுகளின் அமைப்பே அதற்கேற்ப இருந்தது. ஜாவாக்காரரும் வங்காளியும் தமிழரும் ஆப்பிரிக்கரும் ஒரே சந்தில் ஒரே பருவத்தில் தங்கிப் போனார்கள். சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே குடியேறினார்கள்.

அந்நாளின் ஹஜ் பயணத்துக்கு இன்னொரு சான்று பழைய நாணயம் சேகரிப்போரிடம் கிடைக்கும். 1959-ல் இந்திய ரிசர்வ் வங்கி ஹாஜிகளுக்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய் தாள்களைத் தனியாக வெளியிட்டது. எண்ணுக்கு முன்னால் 'எச்.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். சவூதியில் மாற்றிக்கொள்வதற்கென்று அச்சிட்ட அந்தத் தாள் இந்தியாவுக்குள் செல்லாது. பம்பாய்க்கும் ஜித்தாவுக்கும் இடையிலான ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995-ல் நின்றது. அதற்கு முன்பே 1981-ல் ஜித்தா விமான நிலையத்தில் கூடாரக் கூரைகளோடு ஹஜ் முனையம் திறந்திருந்தது. ஹாஜிகள் பழைய நகரத்தைத் தொடாமலேயே மக்கா போகத் தொடங்கினார்கள்.

பவளக் கல்லும் தேக்கும்

அல்-பலத்தின் வீடுகளைக் கட்டிய கல் மலையிலிருந்து வந்ததல்ல. கரையோரப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்து, களிமண் கலவையால் இணைத்து, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். பவளக் கல் எடை குறைந்தது, வெட்ட எளிது, துளைகள் நிறைந்திருப்பதால் வெப்பத்தையும் எளிதில் உள்ளே விடாது. ஆனால் வலிமை குறைவு. அதனால் சுவரில் சில அடிக்கு ஒரு வரிசையாகக் கிடைமட்டமாக மர உத்திரங்களைப் பதித்தார்கள். கட்டடத்தின் பாரத்தை அவை சமமாகப் பகிர்ந்து கொடுக்கும். தரை சற்று இறங்கினாலும் சுவர் பிளக்காமல் தாங்கும்.

வீட்டின் முகத்தில் தெருவை நோக்கிப் பிதுங்கி நிற்கும் மரச் சன்னல் மாடங்களை ரோஷான் என்பார்கள். பச்சை, நீலம், பழுப்பு வண்ணங்களில் மாடிக்கு மாடி அடுக்கி நிற்கும் இவைதான் ஜித்தாவின் முகம். அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. கடற்காற்று மரச் சட்டங்களின் இடுக்கு வழியே வீட்டுக்குள் புகும். வெயில் நேரே விழாது. உள்ளே அமர்ந்திருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருப்போர் அவர்களைப் பார்க்க முடியாது. மண் கூஜாக்களில் தண்ணீர் நிரப்பி அந்த மாடத்தில் வைத்தால் காற்றுப் பட்டுக் குளிர்ந்துவிடும். மின்விசிறி கூட இல்லாத காலத்தில், பாலைவன வெயிலில், பெரிய குடும்பம் ஒன்று பர்தாவைக் காத்துக்கொண்டு காற்றோட்டமாக வாழ இப்படி ஒரு வழி கண்டிருந்தார்கள்.

இத்தனை மரம் எங்கிருந்து வந்தது? ஜித்தாவைச் சுற்றி மரம் வளரும் காடு கிடையாது. தேக்கு இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்தது. நம் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து போன மரம் அங்கே வீடாக நிற்கிறது.

இந்த மர உறவு எவ்வளவு பழையது என்பதற்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. அல்-பலத்தில் உள்ள உஸ்மான் பின் அஃப்பான் மஸ்ஜிதில் நடந்த அகழாய்வின் முடிவுகளைச் சவூதி அரசு 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. மஸ்ஜிதின் மிஹ்ராப் அருகே இருந்த கருங்காலித் தூண்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில், அவை ஹிஜ்ரி முதல், இரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்றும், அந்தக் கருங்காலி இலங்கைத் தீவின் மரவகை என்றும் தெரியவந்தது. நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினர் வாழ்ந்த காலத்திலேயே நம் கடற்பகுதிக்கும் ஜித்தாவுக்கும் இடையே மரக்கலங்கள் ஓடியிருக்கின்றன.

தண்ணீருக்குப் பட்ட பாடு

ஜித்தாவில் ஆறு இல்லை, நல்ல ஊற்றும் இல்லை. மழைநீரை நிலத்தடித் தொட்டிகளில் சேமித்தார்கள். வசதியுள்ள வீடுகளில் தரைக்கு அடியிலேயே தொட்டி இருக்கும். மற்றவர்கள் ஊருக்கு வெளியே இருந்து கழுதைகளிலும் தோளிலும் சுமந்து வரும் தண்ணீரை விலைக்கு வாங்குவார்கள். ஹாஜிகள் குவியும் மாதத்தில் விலை ஏறும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்மானிய அரசு கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் எந்திரத்தை இங்கே நிறுவியது. 'கண்டென்சர்' என்ற சொல் ஊர்மக்கள் வாயில் 'கிந்தாஸா' ஆயிற்று. இன்று சவூதி நகரங்களுக்குக் குடிநீர் தரும் பெரும் ஆலைகளுக்கெல்லாம் அந்தச் சிறிய எந்திரம்தான் முன்னோடி. 1947-ல் வாதி ஃபாத்திமாவிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரும் ஐனுல் அஸீஸிய்யா திட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் மதிலும் இடிக்கப்பட்டது. தண்ணீர் வந்தது, தடுப்புச் சுவர் போனது, ஊர் வடக்கு நோக்கிப் பரவத் தொடங்கியது.

நடந்து பார்க்க ஒரு வழி

அல்-பலத்தை வாகனத்தில் பார்க்க முடியாது. கடல் பக்கமிருந்து தொடங்கிக் கிழக்கே பாப் மக்கா வரை நடப்பது நல்ல வழி. அன்று கரையிறங்கிய ஹாஜிகள் போன திசையும் அதுதான்.

பாப் அல்-புன்த்: கடல்வழி வந்த பயணிகள் ஊருக்குள் நுழைந்த பழைய துறைமுக வாயில். இங்குள்ள பழைய கட்டடம் செங்கடல் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது.

சூக் அல்-அலவி: மேற்கிலிருந்து கிழக்கே ஊரைக் குறுக்காகக் கடக்கும் சந்தைத் தெரு. ஏலம், இலவங்கம், மஞ்சள், சாம்பிராணி வாசம் மூக்கைத் துளைக்கும். நம் ஊர் மளிகைக் கடையில் உள்ள பாதிச் சரக்கு இங்கேயும் கிடைக்கும்.

நஸீஃப் மாளிகை: சூக் அல்-அலவி வழியில் உள்ளது. உமர் நஸீஃப் எஃபந்தி என்ற பெருவணிகர் கட்டியது. 1872-ல் தொடங்கி 1881-ல் முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். 1925 டிசம்பரில் ஜித்தா வசமானபோது மன்னர் அப்துல் அஸீஸ் தங்கிய வீடு இது. படிக்கட்டுகள் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும். மேல்மாடிச் சமையலறைக்குச் சரக்கேற்றிய ஒட்டகம் நேரே ஏறிப்போகும் என்று ஊரார் சொல்வார்கள். பிற்காலத்தில் இந்த வீட்டில் வாழ்ந்த ஷைகு முஹம்மது நஸீஃப் பெரும் நூலகம் ஒன்றைச் சேர்த்தார். ஆலிம்களும் பயணிகளும் அவரிடம் வந்து தங்கிப் படித்தார்கள். அந்த நூல்கள் இன்று ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. வீட்டின் வாசலில் நிற்கும் மரத்தைக் கவனியுங்கள். அது வேம்பு. 1920-கள் வரை ஜித்தா நகருக்குள் இருந்த ஒரே மரம் இது என்பார்கள். 'மரத்து வீடு' என்று சொன்னாலே ஊரில் அனைவருக்கும் தெரியும்.

ஷாஃபிஈ மஸ்ஜித்: மஸ்லூம் பகுதியில் உள்ளது. இதன் மனாரா 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மஸ்ஜிதை 16-ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டியவர் ஓர் இந்திய வணிகர் என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் மண்டபம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபைப் பின்பற்றும் நம் கடலோர ஊர் மக்களுக்கு அந்தப் பெயரே நெருக்கமானது. பழுதுபார்த்துத் தொழுகைக்குத் திறந்திருக்கிறார்கள். ஒரு வக்து தொழுதுவிட்டு வரலாம்.

உஸ்மான் பின் அஃப்பான் மஸ்ஜித்: மேலே சொன்ன கருங்காலித் தூண்களின் இடம். ஷாஃபிஈ மஸ்ஜிதைப் போல இதுவும் மஸ்லூம் பகுதியில்தான் உள்ளது.

பாப் மக்கா: மதிலின் கிழக்கு வாயில். பழைய வாயில் இன்று இல்லை. நினைவாகப் புதிதாகக் கட்டிய வாயிலே நிற்கிறது. இங்கிருந்துதான் ஒட்டகக் கூட்டங்கள் மக்கா நோக்கிப் புறப்பட்டன. வாயிலை ஒட்டிய சந்தை இன்றும் சுறுசுறுப்பாக இயங்குகிறது.

பழைய நகரத்துக்கு வெளியே, அன்னை ஹவ்வா (அலை) அவர்களின் பெயரில் ஒரு கப்ருஸ்தான் உள்ளது. அவர்கள் அங்கே அடக்கமானார்கள் என்பது ஊர் வழக்கில் வந்த செய்தி. குர்ஆனிலோ ஸஹீஹான ஹதீஸிலோ அதற்கு ஆதாரம் இல்லை.

ஆள் போன வீடும் திரும்பி வந்த கவனமும்

1970-களில் எண்ணெய் வருமானம் பெருகியபோது பழைய குடும்பங்கள் வடக்கே புதிய பகுதிகளில் தோட்டத்தோடு வீடு கட்டிக் குடிபோயின. அல்-பலத் வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் வெளிநாட்டவர் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளும் உண்டு.

பவளக் கல் வீட்டுக்கு இடைவிடாத கவனிப்பு தேவை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் உடனே பூச வேண்டும். கூரையில் கசிவு கண்டால் அன்றே அடைக்க வேண்டும். குடும்பம் இருந்தவரை அதை வீட்டு வேலையாகச் செய்தார்கள். குடும்பம் போன பின் குழாய்க் கசிவும் குளிர்சாதனத்தின் நீரும் சுவரில் இறங்கின. சிலர் அக்கறையோடு சிமெண்ட் பூசினார்கள். அது இன்னும் கெடுதல். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, கல் பொடியாக உதிர்ந்தது. மழைக்குச் சில வீடுகள் சரிந்தன. காய்ந்த மரமும் பழைய மின்கம்பிகளும் சேர்ந்து தீ விபத்துகளில் பல வீடுகள் போயின.

பிறகு கவனம் திரும்பியது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததைத் தொடர்ந்து, இடியும் நிலையில் இருந்த 56 கட்டடங்களைத் தாங்கி நிறுத்த 2019-ல் 5 கோடி ரியால் ஒதுக்கப்பட்டது. இன்று 600-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களை மீட்கும் வேலை தனித் திட்டமாக நடக்கிறது. ஒருபுறம் புதுப்பித்த வீடு விடுதியாகவும் கஹ்வா கடையாகவும் மின்னும். மறுபுறம் இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்து ஒரு வீடு மூச்சைப் பிடித்து நிற்கும். இரண்டையும் ஒரே தெருவில் பார்க்கலாம். சுவர் மீண்டுவிடும். அதில் பிறந்து வளர்ந்த குடும்பம் திரும்பி வருமா என்பதுதான் அங்கே பலரும் கேட்கும் கேள்வி.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

உம்ரா விசாவில் வருபவர்கள் இப்போது சவூதியின் மற்ற நகரங்களுக்கும் போய்வரலாம். ஹஜ் காலத்தில் மட்டும் கட்டுப்பாடுகள் உண்டு. குழுவாகச் செல்வோர் புறப்படும் முன்பே அமைப்பாளரிடம் ஜித்தாவுக்கு அரை நாள் கேட்டு வைப்பது நல்லது.

மக்காவிலிருந்து ஜித்தா சுமார் 80 கிலோமீட்டர். ஹரமைன் ரயிலில் சுலைமானிய்யா நிலையத்தில் இறங்கி அங்கிருந்து டாக்ஸியில் அல்-பலத் போகலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். மற்ற மாதங்களில் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்குங்கள். மஃரிபுக்குப் பின் விளக்கொளியில் ரோஷான்கள் இன்னும் அழகு. தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கலாம்.

தெருக்களில் கல் பாவியிருக்கும், மேடு பள்ளம் உண்டு. முதியவர்களுக்கு நல்ல செருப்பும் இடையிடையே ஓய்வும் வேண்டும். சக்கர நாற்காலி எல்லாச் சந்துகளிலும் போகாது.

மக்கள் வாழும் வீடுகளும் உள்ளன. சன்னல்களையும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள். முட்டுக் கொடுத்திருக்கும் கட்டடங்களுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்.

உம்ரா முடித்து ஜித்தா வந்தவர்கள் மீண்டும் மக்கா திரும்பி இன்னோர் உம்ரா செய்ய எண்ணினால், இஹ்ராம் பற்றிய சட்டத்தை உடன் வரும் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக்கும் பொருந்தும் பாடம்

புதுச்சேரியின் முல்லா வீதியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும், கோட்டக்குப்பம் முதல் நாகூர், காயல்பட்டினம் வரையிலான நம் கடலோர ஊர்களிலும் திண்ணையும் முற்றமும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலும் பிரான்சிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் காவல் இருக்கும் வீடுகள் அவை. பங்கு பிரிப்பதில் இழுபறி, பராமரிக்கச் செலவு, பழைய காரை வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காதது என்று ஒவ்வொன்றாக இடிந்து வருகின்றன. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஜித்தாவில் பவளக் கல்லுக்கு நேர்ந்தது இங்கே செங்கலுக்கும் நேரும்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. வாழ்வதற்கு வசதி வேண்டும், குடும்பம் பெருகும்போது இடமும் வேண்டும். ஆனால் இடிப்பதற்கு முன் செய்யக்கூடியவை உண்டு. வீட்டைப் படமெடுத்து வைக்கலாம். யார் கட்டியது, மரம் எங்கிருந்து வந்தது, எந்த அறையில் யார் இருந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பெட்டியில் கிடக்கும் பழைய ஹஜ் பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், கடிதம் எதையும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தலாம். அப்பாவோ பாட்டனாரோ கப்பலில் ஹஜ் போன நினைவு யாருக்கேனும் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல இன்றே செல்போனில் பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துவருகிறது.

அடுத்த முறை உம்ரா போகும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அல்-பலத்தில் ஒரு மாலை நடந்து வாருங்கள். நஸீஃப் மாளிகை வாசலில் அந்த வேப்ப மரத்தைக் காட்டி, அவர்களின் பாட்டனாருடைய பாட்டனார் இந்த வழியாக மக்கா போயிருக்கலாம் என்று சொல்லுங்கள். அந்தப் பயணம் எவ்வளவு நீண்டது, எவ்வளவு கடினமானது என்பது பிள்ளைகளுக்குப் புரியும். விமானத்தில் சில மணி நேரத்தில் கிடைக்கும் நம் உம்ராவின் மதிப்பும் சேர்ந்து புரியும், இன்ஷா அல்லாஹ்.